மில்லில் கடைசி ஆள்

சனிக்கிழமை காலையில் எர்லிந்தா தன் கணவன் நபோரின் கையில் கொக்கோ வாளியைக் கொடுத்தாள். வாளியோடு ஓர் உத்தரவும் வந்தது.

"காதைக் கொடுத்துக் கேளுங்க. மில்லுல நீங்கதான் கடைசி ஆளா நிக்கணும். நமக்கு அப்புறம் ஈ காக்கா அரைக்கக் கூடாது."

"முதல் ஆளா அரைச்சா என்ன? வெயில் ஏர்றதுக்குள்ள வந்துடலாமே."

"வருவீங்க, வருவீங்க. நம்ம கொக்கோவுல ஒரு பிடி மிஷின் வயித்துக்குள்ள ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். அடுத்து அந்தப் பிதென்சியா வீட்டுது விழும். என் ருசி அவ ஜாடிக்குப் போயிடும். இன்னிக்குப் பார்த்து அதை நடக்க விடுவேனா? கடைசி ஆளு அரைச்சதும் தாச்சோ கல்லைக் கழட்டிக் கழுவிடுவாரு. நம்ம மிச்சம் சாக்கடைக்குப் போகட்டும், அவ வீட்டுக்குப் போக வேண்டாம்."

வாளியில் வறுத்துத் தோல் நீக்கிய ஒன்றரைக் கிலோ கொக்கோ இருந்தது. கூடவே பட்டை, ஒரு கைப்பிடி பாதாம், அப்புறம் எர்லிந்தாவின் குடும்ப ரகசியம். அந்த ரகசியம் என்பது கரிக்கட்டையாகக் கருக்கிய பாதிச் சோள ரொட்டி. அவள் அதைக் கருக்கும் நாற்றம் தெருக்கோடி வரைக்கும் போகும். ஊரில் அந்த ரகசியம் தெரியாத ஒரே ஆள் போன வாரம் பிறந்த குழந்தையாகத்தான் இருக்கும். ஆனால் இதையெல்லாம் எர்லிந்தாவிடம் போய்ச் சொல்வதற்கு யாருக்குத் தைரியம் இருக்கிறது?

அன்றைக்கு அவள் இவ்வளவு விறைப்பாக நின்றதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஜனவரியில், உடம்பெல்லாம் அம்பு தைத்த புனித செபஸ்தியானின் திருநாள். விடியற்காலைக் குளிரில் சப்பரத்தோடு வருகிற ஊர் சனம் மொத்தத்துக்கும் ஒரே சமையலறையிலிருந்துதான் சாக்லேட் போகும். அந்தச் சமையலறைக்கு யார் தலைவி என்பதை அந்த ஆண்டின் உபயகாரர் சொல்வார். பதினோரு ஆண்டுகளாக அது எர்லிந்தாதான். இந்த ஆண்டு உபயகாரர் தோன் எல்பிதியோ புதியவர், அதோடு நியாயஸ்தர். நியாயஸ்தர்களால் வரும் தொல்லை கொஞ்சமா நஞ்சமா? இரண்டு வீட்டிலும் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றுவிட்டார். சனிக்கிழமை ஐந்து மணிக்கு எர்லிந்தா வீடு, ஆறு மணிக்கு எதிர்வீட்டுப் பிதென்சியா. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பெயர் அறிவிப்பு.

உண்மையைச் சொன்னால், சமையலறைத் தலைவி யாரானாலும் நபோருக்கு ஒன்றுமில்லை. அவனுக்கு வேண்டியதெல்லாம் பிதென்சியாவின் கணவன் எலாதியோதான். எலாதியோவின் மகளுக்கு ஞானஸ்நானத்தின்போது குழந்தையைக் கையில் ஏந்தியவர்கள் நபோரும் எர்லிந்தாவும். அன்றிலிருந்து ஆண்கள் இருவரும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே, பெண்கள் இருவரும் கொமாத்ரே. கூடப் பிறந்தவன்கூட அதற்கு அடுத்தபடிதான். பதினைந்து வருஷம் அவர்கள் சாயங்காலம் ஒன்றாக உட்காராத நாளில்லை.

அதே மகளின் பதினைந்தாம் பிறந்தநாளில்தான் எல்லாம் கெட்டது. பிதென்சியாவின் சாக்லேட்டை ஒரு வாய் குடித்துவிட்டு எர்லிந்தா, "சர்க்கரைப் பாகு ரொம்ப நல்லா இருக்கு கொமாத்ரே, கொக்கோவை எப்பப் போடுவீங்க?" என்று கேட்டாள். நூற்று இருபது விருந்தாளிகள் முன்னால் கேட்டாள். "உங்க சாக்லேட்டு உங்க வாய் மாதிரியே இருக்கும் கொமாத்ரே, சர்க்கரையே இருக்காது" என்றாள் பிதென்சியா. அவ்வளவுதான். மூன்று வருஷமாக நடுவில் ஒரு தெரு, பதினெட்டு அடி அகலம், பேச்சு வார்த்தை கிடையாது. கணவன்மார்களும் பேசக் கூடாது என்பது இரண்டு வீட்டிலும் போட்ட சட்டம்.

இன்றைக்கு எர்லிந்தா ஜெயித்தால் பிதென்சியா இன்னும் மூன்று வருஷம் முகம் கொடுக்க மாட்டாள். பிதென்சியா ஜெயித்தால் எர்லிந்தா சாகும் வரை மன்னிக்க மாட்டாள். யார் ஜெயித்தாலும் நபோருக்குத் தோல்விதான். இதை நினைத்துக்கொண்டே அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

மில்லில் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். நபோர் கடைசியில் போய் நின்றான். பின்னால் யார் வந்தாலும் வழிவிட்டு, "நீங்க போங்கம்மா, எனக்கு அவசரமில்லை" என்றான். ஒரு மணி நேரத்தில் ஊரிலேயே மரியாதை தெரிந்த ஆள் என்று பெயர் வாங்கிவிட்டான். அப்போதுதான் பின்னால் ஒரு மூச்சு கேட்டது. திரும்பினால் எலாதியோ. கையில் வாளி, மேலே பூப்போட்ட துணி. இரண்டு பேரும் தலையை ஓர் அங்குலம் அசைத்தார்கள். அதற்கு மேல் அசைத்தால் யாராவது போய் வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து வந்த பெண்ணுக்கு நபோர் வழிவிட்டான். எலாதியோவும் விட்டான். அடுத்த பெண்ணுக்கு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் விட்டார்கள். பன்னிரண்டரை மணிக்கு வரிசையில் யாருமே இல்லை, இவர்கள் இரண்டு பேரைத் தவிர.

மில்காரர் தாச்சோ கையைத் துடைத்துக்கொண்டு, "ம், யாரு?" என்றார்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான்:

"நீங்க போங்க கொம்பாத்ரே."

"சேச்சே. நீங்கதானே முதல்ல வந்தீங்க? நீங்க போங்க கொம்பாத்ரே."

"வயசுல பெரியவர் நீங்க."

"ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசம்னா என்ன, பெரியவர் பெரியவர்தான்."

"பெரியவன் சொல்றேன், நீங்க முதல்ல போடுங்க."

தாச்சோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு மணிக்கு மில்லை மூடிடுவேன். உங்க மரியாதையைச் சீக்கிரம் முடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு பேரும் வாளிகளைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் குந்தினார்கள். எலாதியோ ஓரக்கண்ணால் பார்த்தான், பார்த்தான், கடைசியில் அடக்க முடியவில்லை. அவன் சலூன் வைத்திருப்பவன். எந்தத் தொழில்காரனுக்கும் ஓரளவு பொறுமைதான் உண்டு.

"கொம்பாத்ரே, தலையை யாரு இப்படிப் பண்ணிவிட்டது?"

"பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒருத்தன்."

"ஒரு காது மேல ஒண்ணுமே இல்லை. இன்னொரு காது மேல ஆடு மேயலாம். குடிச்சிருந்தானா?"

"நான் குடிச்சிருந்தேன். இல்லேன்னா அவன்கிட்டத் தலையைக் கொடுப்பேனா?" என்ற நபோர் எலாதியோவின் காலைப் பார்த்தான். நபோருக்கு ஷூ தைக்கிற தொழில். "என்னைச் சொல்ல வந்துட்டீங்க. உங்க ஷூ என்ன, வாயைப் பிளந்துக்கிட்டு ஊரையே பார்த்துச் சிரிக்குது?"

"வேற ஒருத்தன் ஒட்டினான். கஞ்சி வச்சு ஒட்டியிருப்பான் போல. மழையில கரைஞ்சு போச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க. நபோருக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. இந்த வரிசை சாயங்காலம் வரைக்கும் நகராமல் இருந்தால் என்ன என்று தோன்றியது.

"எர்லிந்தா கொமாத்ரே உங்களையும் கடைசியா நிக்கச் சொன்னாங்களா?"

"வேற என்ன சொல்வா? உங்க வீட்லயும் அதேதானா?"

"கடைசியா அரைக்காம வந்தா ராத்திரி கோழிகளோட படுக்கணும்னு சொல்லியிருக்கா."

அப்போது பெர்பெத்துவா வந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல், தலையில் ஒரு வாளி, இடுப்பில் ஒரு வாளி. தங்கை மகன் கல்யாணத்துக்கு மோலே குழம்பு வைக்க அவளைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வாளி இரண்டிலும் வறுத்த மிளகாய், கருத்துச் சுருண்டு, பார்த்தாலே தும்மல் வருகிற மாதிரி.

"தாச்சோ! மிளகாய் மிஷின் ஏன் ஓடலை?"

"பெல்ட்டு அறுந்துபோச்சு. திங்கக்கிழமை வா."

"கல்யாணம் நாளைக்கு. மாப்பிள்ளையைத் திங்கக்கிழமை வரச் சொல்லட்டுமா? கொக்கோ மிஷின்ல போடு."

தாச்சோ தயங்கினார். சுவரோரம் குந்தியிருந்த இருவரையும் பார்த்தார். "இவங்க ரெண்டு பேர் வீட்டுக் கொக்கோ இருக்கே. கடைசியாக் கேக்கறேன், போடறீங்களா இல்லையா?"

இங்கேதான் அவர்கள் புத்தி பேதலித்துப் போயிருந்ததை நீங்கள் பார்க்க வேண்டும். காலையிலிருந்து யார் வந்தாலும் முன்னால் விட்டுப் பழகிய வாய். அவர்களுக்கு முன்னால் போக ஓர் ஆள் கிடைத்துவிட்டாள் என்ற சந்தோஷம் வேறு.

"அவங்களே போடட்டும்!" என்றான் நபோர்.

"தாராளமா! பெண்கள்தான் முதல்ல!" என்றான் எலாதியோ.

மிஷின் கத்தியது. மிளகாய்ப் பொடி நெடி எழுந்தது. தாச்சோ இருமினார், பெர்பெத்துவா இருமினாள், சாலையில் போன கழுதைகூட இருமியது. நபோர் நாலாவது தும்மல் போடும்போதுதான் அவனுக்கு உறைத்தது. மிஷின் வயிற்றில் ஒரு பிடி ஒட்டிக்கொண்டு கிடக்கும். அடுத்து விழுகிற கொக்கோ அந்த மிளகாயைத் துடைத்துக்கொண்டு வரும். அதற்கடுத்தது தப்பிக்கும்.

அவன் எலாதியோவைப் பார்த்தான். எலாதியோ அவனைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியிருந்தது.

பெர்பெத்துவா பொடியை அள்ளிக்கொண்டு போனதும் இரண்டு பேரும் வாளியோடு பாய்ந்தார்கள்.

"நான் போடறேன்!" என்றான் நபோர்.

"இல்லை, நான்தான் முதல்ல!" என்றான் எலாதியோ.

"கொம்பாத்ரே, உங்களுக்கு ஆறு மணிக்கு ஆள் வருது."

"உங்களுக்கு அஞ்சு மணிக்கே வருது. தள்ளுங்க."

"நான் வீட்ல சொல்லிச் சமாளிச்சுக்கறேன். தள்ளுங்கன்னா!"

"சமாளிப்பீங்க! எர்லிந்தா கொமாத்ரேகிட்டயா? எனக்குக் கோழிக் கூண்டு பழக்கம்தான். விடுங்க வாளியை!"

ஒருவர் வாளியை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்கள். காலையிலிருந்து இவர்களைப் பார்த்துப் பார்த்துத் தாச்சோவின் பொறுமை எப்போதோ போயிருந்தது. கடிகாரத்தில் மணி ஒன்று. இடது கையால் ஒரு வாளி, வலது கையால் ஒரு வாளி, இரண்டையும் பிடுங்கி ஒரே கவிழ்ப்பாக மிஷின் வாயில் கொட்டினார்.

கீழே பளபளவென்று கருப்பாக, சூடாக, ஒரே கூழாக இறங்கியது. எது யாருடையது என்று கடவுளாலும் பிரிக்க முடியாது. தாச்சோ அதைப் பாதிப் பாதியாக இரண்டு வாளியில் ஊற்றினார். "போயிட்டு வாங்க. அடுத்த தடவை பெண்களை அனுப்புங்க."

வெளியே வந்ததும் நபோர் விரலால் தொட்டு நாக்கில் வைக்கப் போனான். எலாதியோ அவன் கையைப் பிடித்தான்.

"வேண்டாம் கொம்பாத்ரே. தெரியாம இருந்தாத்தான் முகத்துல பொய் தெரியாது."

வீட்டில் நபோர் மூன்று தடவை வாயைத் திறந்தான். முதல் தடவை, "எர்லிந்தா, மில்லுல..." என்றான். "கடைசியா அரைச்சீங்களா?" என்றாள். "எங்களுக்கு அப்புறம் யாரும் அரைக்கலை" என்றான். அது உண்மைதான். இரண்டாவது தடவை, "கொஞ்சம் ருசி பார்த்துடேன்" என்றான். "பதினோரு வருஷமா ருசி பார்த்ததில்லை. ருசி பார்க்கிறவ சந்தேகப்படறவ. நான் சந்தேகப்படறவளா?" என்றாள். மூன்றாவது தடவை திறந்தபோது அவள் கையில் மத்து இருந்தது. மூடிக்கொண்டான்.

ஐந்து மணிக்குத் தோன் எல்பிதியோவும் அவர் மனைவி தோன்யா லுக்ரேசியாவும் வந்து உட்கார்ந்தார்கள். எர்லிந்தா மண் ஜாடியில் வெந்நீரும் சாக்லேட்டும் விட்டு, மத்தை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்டினாள். நுரை குபுகுபுவென்று எழும்பி ஜாடிக் கழுத்தைத் தாண்டியது. அவள் வாழ்நாளில் அப்படி ஒரு நுரை வந்ததில்லை. கோப்பைகளில் ஊற்றி, முட்டை ரொட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

லுக்ரேசியா முதலில் நுரையை நாக்கால் தொட்டாள். நுரையில் காரம் இல்லை. "ஆகா! எர்லிந்தா, இந்த நுரைக்கே உனக்கு..." என்று ஆரம்பித்து ஒரு வாய் குடித்தாள். வாக்கியம் அங்கேயே நின்றது. கண் விரிந்தது, மூக்கு சிவந்தது. கையால் ரொட்டியைத் தேடினாள், ரொட்டிக்குப் பதிலாகத் தோன் எல்பிதியோவின் சட்டைக் கை அகப்பட்டது.

அந்த ஊரில் கோப்பையில் மிச்சம் வைப்பது வீட்டுக்காரியை அறைவதற்குச் சமம். தோன் எல்பிதியோ பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தார். நெற்றி வியர்வை மீசையில் இறங்கியது.

"இதுல... ஒரு வேகம் இருக்கு" என்றார்.

எர்லிந்தா பூரித்துப் போனாள். "அப்ப இன்னொரு கோப்பை!" என்று ஊற்றினாள். நபோர் கூரையில் பல்லி தேடிக்கொண்டிருந்தான்.

அவர்கள் போனதும் அவள் மிச்சத்தைத் தன் கோப்பையில் ஊற்றிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள். அவள் பேசாமல் இருந்து நபோர் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது அவனுக்குத் திட்டை விடப் பயமாக இருந்தது. அவள் கண்ணில் நீர் நின்றது. அது மிளகாயால் மட்டும் வந்த நீர் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. பதினோரு வருஷம் விடியற்காலையில் ஊருக்கே ஊற்றிய கை அது. இவ்வளவு நேரம் சிரிப்பாக இருந்த விஷயத்தில் அவனுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

அப்போது எதிர்வீட்டிலிருந்து இருமல் சத்தம் கேட்டது. முதலில் ஆண் இருமல், பிறகு பெண் இருமல், பிறகு இரண்டும் சேர்ந்து. எர்லிந்தா ஜன்னலுக்குப் போனாள்.

"அவ வீட்லயுமா?" என்றாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு புருவம் சுருங்கியது. "அவ வீட்ல ஏன்?"

நபோர் சீக்கிரமே படுக்கப் போனான்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தது. கோயில் முற்றத்தில் தோன் எல்பிதியோ தொண்டையைச் செருமினார். குரல் இன்னும் சரியாகவில்லை. எர்லிந்தா ஒரு பக்கம், பிதென்சியா மறுபக்கம், இருவரும் சிலைகளாக நின்றார்கள். இந்த ஆண்டு திருநாள் சமையலறைக்குத் தலைவி பெர்பெத்துவா என்றார் அவர். சாக்லேட்டைப் பொறுத்தவரை, கடையில் விற்கிற பெட்டிச் சாக்லேட்டையே கரைத்துக்கொள்வதாக அவள் சொல்லிவிட்டாள், அது நிதானமாக இருக்கும், எல்லா வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளும் என்றார்.

"பெட்டிச் சாக்லேட்டா!"

எர்லிந்தா கத்தினாள். அதே நொடியில், அதே குரலில் பிதென்சியாவும் கத்தினாள். முற்றமே திரும்பிப் பார்த்தது. அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கேட்டீங்களா கொமாத்ரே இந்த அநியாயத்தை?" என்றாள் பிதென்சியா.

"கேட்டேன் கொமாத்ரே. புனிதருக்கு, பெட்டியில இருந்து! அந்த மனுஷர் உடம்புல அம்பு குத்தினது போதாதா?"

"கொக்கோ எப்படி இருக்கும்னு அவளுக்குத் தெரியுமா? உங்களுது கசப்பா இருந்தாலும் அது கொக்கோ."

"உங்களுது இனிப்பா இருந்தாலும் நீங்க கையால வறுத்தது. அவ சுரண்டறது அட்டைப் பெட்டியை!"

அப்படியே பேசிக்கொண்டு நடந்தார்கள். பதினெட்டு அடித் தெருவில் எந்தப் பக்கம் திரும்புவது என்றுகூட யோசிக்கவில்லை, எர்லிந்தாவின் சமையலறைக்குள் போய்விட்டார்கள். பின்னால் நபோரும் எலாதியோவும் தோளோடு தோள் உரச வந்தார்கள். இரண்டு பேருக்கும் மூச்சு விடக்கூடப் பயம், எங்கே கலைந்துவிடுமோ என்று.

காரமானாலும் கொக்கோ கொக்கோதான், அதைக் கொட்ட எர்லிந்தாவுக்கு மனம் வரவில்லை. வாளியில் மிச்சமிருந்ததைக் கரைத்துச் சூடாக்கினாள். பிதென்சியா தன் வீட்டுக்குப் போய்த் தன் பங்கை எடுத்து வந்தாள். எர்லிந்தா பிதென்சியாவுடையதில் ஒரு வாய் குடித்தாள். பிதென்சியா எர்லிந்தாவுடையதில் ஒரு வாய் குடித்தாள். இரண்டு பேரும் கோப்பையை மாற்றிக்கொண்டு மறுபடி குடித்தார்கள்.

"கொமாத்ரே, உங்களுதுல கருகின ரொட்டி வாசனை வருது" என்றாள் எர்லிந்தா. "அந்த ரொட்டி என்னுது."

"உங்களுதுல சர்க்கரை தட்டுப்படுது" என்றாள் பிதென்சியா. "அது என்னுது."

இரண்டு தலையும் மெதுவாக ஆண்கள் பக்கம் திரும்பின.

எலாதியோ சொல்ல ஆரம்பித்தான், பாதியில் நபோர் தொடர்ந்தான், கடைசி வரை சொல்லிவிட்டார்கள். கடைசி ஆளாக நின்றது, மிளகாயை முன்னால் விட்டது, வாளியை இழுத்தது, தாச்சோ கவிழ்த்தது எல்லாம். எர்லிந்தா கையில் மத்து இருந்தது. நபோர் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிளகாய்க்கு அப்புறம் யாரு முதல்ல போடறேன்னு போனது?" என்று கேட்டாள் அவள்.

"நான்" என்றான் நபோர்.

"நான்" என்றான் எலாதியோ.

"காலையெல்லாம் பின்னால நின்ன மனுஷங்க, மிளகாய் வந்ததும் முன்னால ஓடினீங்களா? ஏன்?"

நபோர் ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"அந்தக் காரம் இவருக்குப் போயிடக் கூடாதுன்னு" என்றான். "நீ ஜெயிக்கணும்னு எனக்கு ஆசையே இல்லை எர்லிந்தா. கொமாத்ரே ஜெயிக்கணும்னும் இல்லை. எனக்கு இவர் வேணும். எதிர்வீட்ல இருக்கிற மனுஷனை மூணு வருஷமா ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டு இருக்கேன். என்னால முடியலை."

எலாதியோ தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "எனக்கும் அதேதான்" என்றான். அவனுடைய காது இரண்டும் சிவந்திருந்தன.

எர்லிந்தா மத்தைக் கீழே வைத்தாள். பிதென்சியா சால்வை நுனியால் மூக்கைத் துடைத்தாள். பிறகு இரண்டு ஆண்களையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"கொமாத்ரே, இவங்களுக்கு ஆளுக்கு இன்னொரு கோப்பை ஊத்துங்க. இன்னும் என்னென்ன உள்ள வச்சிருக்காங்கன்னு பார்த்துடுவோம்."

எர்லிந்தா ஊற்றினாள்.